போயாவில் வராத நிலா நவமியில் வந்தது: உப்புவெளியில் 70 மிமீ தொலைநோக்கியோடு மூன்று மாதம்

தை மாதம் மருமகன் எனக்கு அனுப்பிய முதல் படத்தைப் பார்த்து அது நிலா என்று யாரும் சொல்லமாட்டார்கள். கறுப்புக்கு நடுவில் ஒரு வெள்ளை வட்டம், சுற்றிவர ஊதாக் கசிவு, கீழே ஒரு வால். கூடவே குரல் செய்தி: "மாமா, கண்ணால பார்க்கேக்க பள்ளமெல்லாம் வடிவாத் தெரியுது. போன்ல எடுத்தா மட்டும் ஏன் லைட் பல்ப் மாதிரி வருது?"

பங்குனி வளர்பிறை நவமியன்று அதே போனால், அதே தொலைநோக்கியால், அதே வளவில் நின்று அவன் எடுத்த படத்தில் கிண்ணக்குழிகளின் சுவர் தெரிகிறது, சுவரின் நிழல் தெரிகிறது, ஒரு சமவெளியில் பேனாவால் கீறியதுபோல ஒரு கறுப்புக் கோடும் தெரிகிறது. இடையில் ஒரு சதத்துக்கும் புதிதாக எதையும் வாங்கவில்லை. அந்த மூன்று மாதத்தில் எதை மாற்றினோம், எந்த மாற்றம் பலன் தந்தது, எது வீண் என்பதை முழுமையாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டுச் சொந்தங்கள் கொண்டுவந்து கொடுத்த இதே மாதிரிக் குழாய்கள் நம் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் அலுமாரிக்கு மேல் தூசி பிடித்துக் கிடக்கின்றன, பிள்ளைகள் இரண்டு தரம் முயன்றுவிட்டு "இது சரிவராது" என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் கவலை.

நான் இருபது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறவன். வெளிச்சம் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் இதில் கைவைத்தேன். அவன் பத்தாம் வகுப்பு, ரியூசனுக்கும் படிப்புக்கும் நடுவில் கிடைக்கிற நேரம்தான் அவனுடைய நேரம்.

கருவி

கனடாவிலிருந்து வந்த அவனுடைய பெரியப்பா கொண்டுவந்தது. முன் வில்லை 70 மிமீ, குவியத் தூரம் 700 மிமீ, அலுமினிய முக்காலி, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் மூன்று: 20, 12.5, 4 மிமீ. அதோடு படத்தைப் பெரிதாக்கும் மூன்று மடங்கு பார்லோ ஒன்றும், போனைப் பிடிக்கிற பிளாஸ்டிக் கவ்வி ஒன்றும். பெட்டியில் கொட்டை எழுத்தில் "525 மடங்கு" என்று அடித்திருந்தது.

அந்த 525 எப்படி வந்தது என்று அவனையே கணக்குப் பார்க்கச் சொன்னேன். 700ஐ 4ஆல் வகுத்தால் 175, மூன்றால் பெருக்கினால் 525. கணக்குப் பிழையில்லை. ஆனால் ஒரு வில்லை எவ்வளவு நுணுக்கத்தைக் காட்டும் என்பது அதன் அகலத்தில்தான் இருக்கிறது. மிமீக்கு இரண்டு மடங்கு என்பது பொதுவான எல்லை, 70 மிமீக்கு 140. அதற்கு மேல் போனால் படம் பெருக்கும், விவரம் பெருக்காது, இருளும் நடுக்கமும்தான் கூடும். அவன் முதல் ஒரு மாதம் முழுவதும் 4 மிமீ ஐபீஸையும் பார்லோவையும் மாட்டியே மினக்கெட்டிருக்கிறான். நாங்கள் முதலில் செய்த வேலை அந்த இரண்டையும் பெட்டிக்குள் திரும்ப வைத்ததுதான். மீதி வேலை முழுவதும் 20 மிமீயில் (35 மடங்கு), 12.5 மிமீயில் (56 மடங்கு) நடந்தது. 1609இல் கலிலியோ நிலாவைப் பார்த்து மலை உண்டு, பள்ளம் உண்டு என்று வரைந்தபோது அவர் கையில் இருந்தது ஏறக்குறைய 20 மடங்குக் குழாய். 35 மடங்கு குறைவு என்று இப்போது மருமகன் சொல்வதில்லை.

இரண்டு போயா

முதல் முயற்சி தைப் போயா, அதாவது பௌர்ணமி, அன்று. காரணம் லேசானது: போயா விடுமுறை, அடுத்த நாள் ரியூசனும் இல்லை, நிலாவும் முழுசாக இருக்கும். யாராக இருந்தாலும் அந்த நாளைத்தான் எடுப்பார்கள். மொட்டைமாடியில் முக்காலியை வைத்து, எட்டு மணிக்கு, போனைக் கவ்வியில் பூட்டி அமத்தியிருக்கிறான். வந்தது அந்த வெள்ளை வட்டம்.

இரண்டாவது மாசிப் போயா. மாடி சரியில்லை என்று கடற்கரைக்குப் போனான். திருகோணமலை உப்புவெளிக் கரையில் நிலா கடலுக்குள்ளிருந்து எழும்பி வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது என்ன அழகு என்று, கருஞ்சிவப்பாக, சற்றுத் தட்டையாக, கரையில் நிற்கிறவர்கள் எல்லாரும் கதையை நிற்பாட்டிவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அன்றைக்கு நானும் கூடப் போனேன். நான்தான் "நைட் மோடில் போடு" என்று சொன்னேன். அது தவறான யோசனை. நைட் மோட் பல விநாடி வெளிச்சத்தைச் சேர்த்து ஒரு படமாக்கும், இருட்டு அறைக்கு அது சரி, ஆனால் நிலா இருட்டான பொருளே இல்லை. வெயில் நேரே விழுகிற பாறை அது. பின்னேர வெயிலில் நிற்கிற மதிலைப் படம் எடுக்கிற மாதிரித்தான் அதை எடுக்க வேண்டும். போனுக்கு அது தெரியாது. படச் சட்டத்தில் பெரும்பகுதி கறுப்பாக இருப்பதைப் பார்த்து "இருட்டு" என்று முடிவெடுத்து வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது, நிலா வெந்து வெள்ளையாகிறது.

சரி, அதைக் கையால் குறைத்தோம். புரோ மோடில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 50, ஷட்டர் (வெளிச்சம் சேர்க்கும் நேரம்) 1/800 விநாடி வரை இறக்கியதும் வெள்ளை போய்ச் சாம்பல் திட்டுகள் வந்தன. அவனுக்குச் சந்தோசம். ஆனால் குழிகள் இல்லை. ஓரம் கூழாகக் கரைந்து கிடந்தது.

அந்த இடத்தில்தான் இரண்டு பேரும் தடுமாறினோம். வெளிச்சம் சரி, ஆனால் படத்தில் உயிர் இல்லை. கல்யாண வீட்டில் நான் ஒவ்வொரு நாளும் செய்கிற ஒன்று அப்போது மனதில் வந்தது: மணப்பெண்ணின் முகத்துக்கு நேரே பிளாஷ் அடித்தால் மூக்கும் கன்னமும் ஒரே தட்டையாகும், பக்கத்திலிருந்து வெளிச்சம் கொடுத்தால்தான் முகத்துக்கு மேடு பள்ளம் வரும். போயா அன்று சூரியன் நமக்குப் பின்னால் நின்று நிலாவின் முகத்துக்கு நேரே அடிக்கிறது. அங்கே குழிகளுக்கு நிழலே கிடையாது. நிழல் இல்லாத இடத்தில் எந்தத் தொலைநோக்கியும் ஆழத்தைக் காட்டாது. அரைநிலாவைவிட முழுநிலா இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் தருவதற்கும் இந்த நிழல் மறைவு ஒரு காரணம்.

ஆக, நாங்கள் இரண்டு மாதம் தேர்ந்தெடுத்தது மாதத்திலேயே பொருத்தமில்லாத நாளை. விடுமுறை என்பதால் மட்டும்.

குசினிச் சுவரில் இருந்த அட்டவணை

நிலாவின் வெளிச்சப் பக்கமும் இருட்டுப் பக்கமும் சந்திக்கிற எல்லையை நாங்கள் நிழல்கோடு என்று சொல்லிக்கொண்டோம். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் அப்போதுதான் பொழுது விடிகிறது, சூரியன் அடிவானத்தில், ஒவ்வொரு மேடும் நீளமாக நிழல் விழுத்தும். ஆகவே கேள்வி "நிலா எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது" என்பது அல்ல, "இன்றைக்கு நிழல்கோடு எந்த இடத்தில் நிற்கிறது" என்பதுதான்.

அதற்கு ஆப் தேடிக்கொண்டிருந்தபோதுதான் தங்கச்சி வீட்டுக் குசினியில் தொங்கிய நாட்காட்டி கண்ணில் பட்டது. திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையிலுள்ள கோணம் 12 பாகை கூடக்கூட மாறுகிற கணக்கு. நிழல்கோடும் நிலாவின் முகத்தில் அதே கோணத்தால் நகர்கிறது. அட்டமித் திதியின் நடுவில் கோணம் 90 பாகை, சரியாக அரைநிலா, நிழல்கோடு நிலாவின் நடுவில். அப்படியென்றால் ஒவ்வொரு திதிக்கும் நிலாவில் எந்த ஊரில் விடிகிறது என்று சொல்லிவிடலாம்!

ஒரு பின்னேரம் முழுவதும் இருந்து நிலா வரைபடத்தையும் நாட்காட்டியையும் பொருத்தினோம். வளர்பிறைச் சட்டித் திதியில் (ஆறாம் நாள்) தியோபிலஸ், சிரிலஸ், கதரினா என்ற மூன்று பெரிய குழிகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி நிழல்கோட்டில் இருக்கும். நவமியில் தொலமேயஸ், அல்போன்சஸ், அர்சாக்கல் குழி வரிசை, வடக்கே அப்பனைன் மலைத்தொடர், பிளேட்டோ, தெற்கே டைக்கோ, கிளேவியஸ், அதாவது நிலாவின் மிகச் செழிப்பான பகுதி முழுவதும் ஒரே இரவில். தசமியில் கொப்பனிக்கஸ் குழி. ஏகாதசியில் வானவில் குடா, அதன் கரையிலுள்ள மலை வளைவுக்கு மட்டும் முதலில் வெயில் படும். நிலா கொஞ்சம் ஆடி அசைந்து முகம் காட்டுவதால் இந்தக் கணக்கு சில பாகை முன்பின் ஆகலாம். பார்க்கும் நேரத்தில், இரவு ஏழு எட்டு மணிக்கு, எந்தத் திதி நடக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும், காலையில் இருந்த திதியை அல்ல.

அட்டமி, நவமியில் புதிதாக எதையும் தொடங்கக்கூடாது என்று அம்மா சொன்னா. அவன் "அம்மம்மா, தொடங்கினது போயாவில, இது தொடர்ச்சிதான்" என்று சொல்ல, சரி என்று விட்டுவிட்டா.

இந்த நாட்களில் இன்னொரு வசதியும் உண்டு. அரைநிலா பொழுது படும்போதே தலைக்கு மேல் நிற்கும், நள்ளிரவில் மறையும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை நேரம் கிடைக்கும். முழுநிலா அந்த நேரத்தில் கடலுக்கு மேல் தாழ்வாக, தடித்த காற்றுக்குள்ளால்தான் தெரிகிறது. ஹோட்டல் லைட்டுகள், தெரு லைட்டுகள் பற்றியும் கவலை வேண்டாம். நட்சத்திரம் பார்க்கத்தான் இருட்டு வேண்டும், நிலாவுக்கு நகர வெளிச்சம் ஒரு தடையே இல்லை.

மங்கல் ஒன்றல்ல, மூன்று

சட்டியன்று முதல் சோதனை. நிழல் இருந்தது, குழி இருந்தது, ஆனாலும் படம் மங்கல். இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் "வில்லை கூடாது" என்று முடிவெடுப்பார்கள். நாங்கள் படம் எடுப்பதை நிற்பாட்டிவிட்டுப் பத்துப் பத்து விநாடி வீடியோ மட்டும் எடுத்து, சட்டம் சட்டமாக ஓட்டிப் பார்த்தோம். இதைவிடப் பிரயோசனமான வேலை இந்த மூன்று மாதத்தில் நாங்கள் செய்யவில்லை.

பார்த்தால் மங்கல் மூன்று விதம். நிலா முழுவதும் ஒரே திசையில் இழுபட்டு, ஓரம் இரட்டையாகத் தெரிந்தால் முக்காலி ஆடுகிறது. ஆடாமல் நிற்கிறது, ஆனால் எல்லா இடமும் எல்லாச் சட்டத்திலும் ஒரே அளவு மென்மையாக இருக்கிறது என்றால் ஃபோகஸ் தவறு. ஓரம் நெளிகிறது, ஒரு சட்டத்தில் இந்தக் குழி தெளிவு, அடுத்ததில் அது கரைந்து பக்கத்துக் குழி தெளிவு என்றால் அது காற்றுக் கொதிப்பு, மத்தியானத் தார் ரோட்டுக்கு மேல் தெரிகிற அதே நெளிவு. எங்கள் வீடியோவில் மூன்றும் இருந்தன.

ஆட்டத்தைப் பிடிப்பது லேசு. கால்களை முழுக்க நீட்டிய முக்காலி நாணல் மாதிரி. கால்களை முழுவதும் சுருக்கி, பக்கத்தில் சின்னக் கதிரை போட்டு இருந்து பார்த்தோம், நடுத்தண்டில் ஒன்றரை லீட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டோம். வளவு மணல் என்பதால் கால் மெல்ல மெல்லப் புதைந்து நிலா சட்டத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்தது, மூன்று பலகைத் துண்டு வைத்ததும் நின்றது. போன் பூட்டியதும் பின்பக்கம் பாரமாகிக் குழாய் தானாக மேலே தூக்கும், அதற்கு முன்பக்கம் ஒரு சின்ன மணல் பையை சைக்கிள் ரியூப் துண்டால் கட்டினோம். திரையைத் தொட்டால் ஆடும் என்பதால் ஹெட்செட்டின் சத்தம் கூட்டும் பொத்தானால் அமத்தினோம், பெரும்பாலான போன்களில் அது ஷட்டராக வேலை செய்யும்.

நிலா தன் அகலத்தைக் கடக்க இரண்டு நிமிடம்தான் எடுக்கும். அதன் பின்னால் குழாயைத் தள்ளிக்கொண்டே படம் எடுக்கக்கூடாது. நிலா வரப்போகிற இடத்துக்குக் குழாயை முன்கூட்டித் திருப்பி, கையை எடுத்து, ஐந்து விநாடி ஆட்டம் அடங்கக் காத்திருந்து, அது நடுவுக்கு நகர்ந்து வரும்போது அமத்த வேண்டும்.

ஃபோகஸ் விஷயம் எங்களைக் கூடுதலாகக் குழப்பியது. அவன் கண்ணால் பார்த்துக் கூர்மையாக வைப்பான், போனை மாட்டினால் மங்கும். திரும்பத் திரும்ப அதே கதை. மூன்றாம் தரம் நான் ஐபீஸில் கண்ணை வைத்தபோது எனக்கும் மங்கலாக இருந்தது. அப்போதுதான் பொறி தட்டியது: அவன் கண்ணாடி போடுகிறவன், கிட்டப்பார்வை, மைனஸ் இரண்டரை. ஐபீஸ் இடிக்கிறதே என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்திருக்கிறான். குழாயின் ஃபோகஸ் அவனுடைய கண் குறைக்கு ஏற்றபடி திருத்தப்பட்டிருந்தது. நானோ புரோ மோடில் போனின் ஃபோகஸை முடிவிலிக்குப் பூட்டி வைத்திருந்தேன். 20 மிமீ ஐபீஸில் அந்த இரண்டரைக்கு ஃபோகஸ் குழாய் சரியாக ஒரு மிமீ நகர வேண்டும். இந்தக் குழாயில் கூர்மை நிற்கிற இடமோ பத்தில் ஒரு மிமீ அளவுதான். ஒரு மிமீ என்பது பெரிய தவறு.

அதன்பின் கண்ணால் ஃபோகஸ் வைப்பதையே விட்டுவிட்டோம். போனை மாட்டி, திரையில் பெரிதாக்கி, நிழல்கோட்டில் இருட்டுக்குள் தனியாக மின்னுகிற ஒரு மலை உச்சியை எடுத்து, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை குமிழைத் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால்தான் நடு எதென்று தெரியும். பகலில் பழக, கரையில் நின்றால் தெற்கே தெரிகிற சுவாமிமலைப் பாறையைக் காலை ஆறரைக்கு எடுத்துப் பழகினான், அதே பாறையைப் பதினொரு மணிக்குப் பார்த்தால் கடற்காற்றின் கொதிப்பில் நடுங்கும், அதையும் கண்ணால் பார்த்துக்கொண்டான்.

பகல் பழக்கத்தில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். சூரியன் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது. அரைநிலா பின்னேரம் மூன்று மணிக்கே கிழக்கில் தெரியும், பிள்ளைகள் ஆசைப்பட்டு வெளியே தூக்கிக்கொண்டு போவார்கள். முன்மூடியைப் போட்டபடியே வெளியே கொண்டுபோய், நிலாப் பக்கம் திருப்பியபிறகுதான் மூடியைக் கழற்ற வேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கண் போனால் போனதுதான்.

காற்றுக் கொதிப்புக்கு மருந்து கிடையாது, ஆனால் அதில் பாதி நாங்களே தேடிக்கொண்டது. மொட்டைமாடிச் சிலாப் பகல் முழுவதும் வெயில் குடித்து இரவு பத்து மணி வரை சூட்டைக் கக்குகிறது, அதற்கு மேல் குழாயை வைத்தால் அடுப்புக்கு மேலால் பார்க்கிற மாதிரி. கிணற்றடிப் பக்கம், புல் கிடக்கிற நிலத்துக்கு இறங்கியதும் நெளிவு கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரைக்கு மேலால் பார்க்காமல், நிலா உயர நிற்கும்போது எடுப்பதும் அதே காரணத்துக்காகத்தான். குழாயையும் அரை மணித்தியாலம் முன்பே வெளியில் வைத்துவிட வேண்டும்.

நவமி

அட்டமியன்று முகில். அடுத்த நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு வானம் துடைத்துவிட்டது போல. கச்சான் காற்று தொடங்க இன்னும் நாள் இருந்தது, தென்னோலை அசையவில்லை.

ஆறே முக்காலுக்குக் குழாயைத் தூக்கினோம். உடனே ஒரு சிக்கல். நம் ஊர் பூமத்திய கோட்டிலிருந்து எட்டரைப் பாகைதான் வடக்கே, பங்குனியில் அரைநிலா கிட்டத்தட்ட உச்சந்தலையில் நிற்கிறது. குழாயை அவ்வளவு நிமிர்த்தினால் போன் முக்காலிக் காலில் போய் இடிக்கிறது. நாங்கள் எட்டரை வரை பொறுத்தோம், நிலா மேற்கே சாய்ந்ததும் இடம் கிடைத்தது. வரைபடத்தோடு ஒப்பிடும்போதும் இதே கவனம் வேண்டும்: அச்சிட்ட படங்களில் வடக்கு மேலே, அரைநிலா வலது பக்கம் வெளிச்சமாக நிற்கும். இங்கே அது மேற்கே சாயும்போது வெளிச்சப் பாதி கீழே, தோணி மாதிரிக் கிடக்கும். வரைபடத்தைக் கால் வட்டம் திருப்பிப் பிடித்தோம். குழாயின் முழங்கைக் கண்ணாடி இடம் வலம் மாற்றிவிடுவதால் எடுத்த படத்தைப் போனில் புரட்டவும் வேண்டும். எது சரி என்று பார்க்க ஓரத்தில் தனியாக நிற்கிற முட்டைவடிவக் கரும்பொட்டு, கிரிசியம் கடல், வடக்கு மேலே இருக்கும்போது வலது பக்கம் வர வேண்டும்.

காத்திருந்த நேரம் வீணாகவில்லை. ஏழு மணிக்குப் பார்த்தபோது தெற்கே கிளேவியஸ் குழிக்குள் முழு இருட்டு. 230 கிலோமீட்டர் அகலமான குழி அது. அந்த இருட்டுக் கிண்ணத்தின் நடுவில் இரண்டு சின்ன வெள்ளை வளையம், பூனைக் கண் மாதிரி. கிளேவியஸின் தரையில் இருக்கிற இரண்டு குட்டிக் குழிகளின் விளிம்புகள் அவை, தரையைவிட உயரம் என்பதால் அவற்றுக்கு முதலில் விடிந்துவிட்டது. மருமகன் ஐபீஸை விட்டு எழும்பவில்லை. எட்டரைக்குத் திரும்பப் பார்த்தபோது கண்ணைச் சுற்றிச் சாம்பல் பரவத் தொடங்கியிருந்தது, ஒன்பதே காலுக்குத் தரையில் நீளநீளமாக வெளிச்சக் கீற்று. நிலாவின் நடுக்கோட்டில் விடியல் மணிக்குப் 15 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. சைக்கிளை நிதானமாக மிதித்தால் அதன் கூடவே போகலாம். அதை அவனுக்குச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நாங்க இப்ப விடியிறதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறம்" என்றான்.

எடுத்த விதம்: 12.5 மிமீ ஐபீஸ், ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125, ஃபோகஸ் பூட்டு, வெளிச்சப் பூட்டு. காட்சியைத் தானே அடையாளம் கண்டு அழகுபடுத்துகிற அமைப்பு எதுவாக இருந்தாலும் நிற்பாட்டிவிட்டோம், சில போன்கள் நிலாவைக் கண்டதும் இல்லாத விவரத்தைத் தாமே வரைந்து சேர்க்கும், அது அவனுடைய படமாக இருக்காது. தனிப் படம் இருபது முப்பது எடுத்தோம், ஆனால் உண்மையான வேலை வீடியோவில். நாற்பது விநாடி, விநாடிக்கு 30 சட்டம், 1200 படங்கள். காற்று அமைதியாக நிற்கிற கணங்கள் அதற்குள் சிதறிக் கிடக்கும்.

பிறகு லப்டொப்பில் இலவச மென்பொருள்கள் மூன்று. பிப் என்பதில் போட்டு வீடியோவை ஏவிஐ வகைக் கோப்பாக்கினோம், ஆட்டோஸ்டாக்கர்ட் 1200இல் நல்ல 240ஐத் தெரிந்தெடுத்து ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியது, ரெஜிஸ்டாக்ஸில் கூர்மையைக் கூட்டினோம். இந்தக் கடைசிக் கட்டத்தில் கை அடங்க வேண்டும். கல்யாண அல்பத்தில் முகத்தைத் துடைத்துத் துடைத்து மெழுகாக்குகிற மாதிரி இங்கே கூட்டிக் கூட்டி ஒவ்வொரு குழிக்கும் வெள்ளைக் கோடு போட்டுவிடலாம். எனக்கு அது பிடிக்காது. ஓரத்தில் வெள்ளை வளையம் வரத் தொடங்கியதும் ஒரு படி பின்னுக்கு வந்து நிற்பாட்டச் சொன்னேன். ஊதாக் கசிவு இந்த வகை இரட்டை வில்லையின் இயல்பு, அதை நீக்க முடியாது, கறுப்பு வெள்ளை ஆக்கியதும் கண்ணை உறுத்தவில்லை.

அடுக்கிய படத்தில் முதலில் அவன் தேடியது அல்போன்சஸ். நடுவில் தனிச் சிகரம் நிற்கிற குழி அது, 1965 மார்ச் 24இல் அமெரிக்காவின் ரேஞ்சர் 9 படம் எடுத்துக்கொண்டே போய் மோதிய இடம். சிகரம் தெரிந்தது, அதன் நிழலும் தெரிந்தது. அங்கிருந்து தெற்கே, மேகக் கடல் என்கிற சமவெளியின் ஓரத்தில்தான் அந்தக் கறுப்புக் கோடு. வரைபடத்தில் "நேர்ச்சுவர்" என்று பெயர். ஏறக்குறைய 110 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் ஒரு பக்கம் இறங்கி உண்டான சரிவு, திருகோணமலையிலிருந்து அநுராதபுரம் போகிற தூரம் அளவு. உயரம் சில நூறு மீட்டர்தான். வளர்பிறையில் அதன் நிழல் சமவெளியில் விழுவதால் கறுப்புக் கோடாகத் தெரியும், தேய்பிறையில் அதே சரிவில் வெயில் நேரே படுவதால் வெள்ளைக் கோடாகத் தெரியும். போயா அன்று அது இருக்கிற இடமே தெரியாது.

அவன் அதற்கு இராவணன் வெட்டு என்று பெயர் வைத்துவிட்டான். கோணேசர் கோயிலடியில் பாறையைப் பிளந்து நிற்கிற அந்த வெட்டைச் சின்ன வயதிலிருந்து எட்டிப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வேறு பெயர் வராது.

இன்னும் சரிவராதவை

படத்தைப் பார்த்த அயலவர்கள் எல்லாரும் கேட்டது இரண்டு: ஆம்ஸ்ட்ரோங் இறங்கிய இடம் தெரியுமா, 2023 ஆகஸ்ட்டில் இறங்கிய சந்திரயான் 3 தெரியுமா. முதலாவது அமைதிக் கடல், அந்தச் சமவெளி நன்றாகத் தெரியும். ஆனால் 70 மிமீ வில்லை நிலாவில் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய பொருள் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். அப்பலோ 11 விட்டுவந்த கலத்தின் அடிப்பகுதி, கால் விரித்தாலும் பத்து மீட்டருக்குள். பூமியிலிருந்து எந்தத் தொலைநோக்கியாலும் அது தெரியாது, நிலாவைச் சுற்றுகிற கலங்கள்தான் படம் எடுத்திருக்கின்றன. சந்திரயான் இறங்கியது தெற்கே 69 பாகையில், அந்தப் பகுதி எங்கள் படத்தில் ஓரத்தில் சப்பிப்போய்த் தெரிகிறது. அவ்வளவுதான்.

ஏகாதசியன்று வானவில் குடாவை எடுக்க நினைத்தோம், முகில் விடவில்லை. நவமிப் படத்தின் ஒரு மூலை மென்மையாக இருக்கிறது, போன் கவ்வி சற்றுச் சரிந்து நின்றிருக்க வேண்டும், கவ்வியின் பிளாஸ்டிக் ஆணி இறுகுவதில்லை. கனமான போன் வைத்திருக்கிறவர்களுக்கு இது இன்னும் கரைச்சல் கொடுக்கும்.

உப்புக்காற்றும் ஒரு பிரச்சினை. வெளியில் இரண்டு மணித்தியாலம் நின்றால் முன்வில்லையில் ஈரம் பூக்கிறது. ஈரத்தோடு மூடியைப் போட்டுப் பெட்டிக்குள் வைத்தால் சில மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும், என்னுடைய கமரா வில்லை ஒன்று அப்படித்தான் போனது. உள்ளே கொண்டுவந்து, காற்றாடிக்குக் கீழ் உலரவிட்டு, அதன்பின் மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கிறோம். சாரத்தின் தலைப்பால் துடைக்கவே கூடாது.

இப்போது அவனுக்குப் புதிய யோசனை ஒன்று. நிழல்கோட்டைத் தாண்டி இருட்டுக்குள் தனியாக மின்னுகிற சிகரம் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து, அதிலிருந்து மலையின் உயரத்தைக் கணிக்கலாம், கலிலியோ செய்ததும் அதுதான். நிலாவின் விட்டம் 3474 கிலோமீட்டர், படத்தில் அது இத்தனை புள்ளி, மீதி பைதகரஸ். அப்பனைன் மலைகளில் செய்து பார்க்கப்போகிறான். சித்திரை வளர்பிறை அட்டமியைக் குசினி நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறான்.